அண்ணனின் தொண்டை, பேத்தியின் தொண்டை

குருக்கள்மடத்தில் எங்கள் சின்ன வயதில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை நொந்தால் முதலில் பெத்தாவிடம்தான் கொண்டுபோவார்கள். முற்றத்து வெயிலில் நிறுத்தி, "ஆ காட்டு மனே" என்று வாயைத் திறக்க வைத்து உள்ளே பார்ப்பா. "அண்ணாக்கு விழுந்து கிடக்கு" என்பா. உச்சிமயிரில் ஒரு சின்னக் கொத்தை விரலில் சுற்றிச் சுண்டி இழுப்பா. பிறகு உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, தேனில் குழைத்த மிளகுத்தூள். அதற்கும் அடங்காவிட்டால் பரியாரியார். அவருக்கும் அடங்காவிட்டால்தான் மட்டக்களப்பு. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் கல்முனை வீதி. அந்த வீதியில் வடக்கே போகும் பஸ்ஸில் ஒரு பிள்ளையை ஏற்றினால், ஒழுங்கை முழுவதும் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஏற்றப்பட்டவர் என் அண்ணன். அறுபதுகளின் நடுப்பகுதி. அவர் இரவில் விடும் குறட்டை தாழ்வாரத்தில் படுத்திருக்கும் அப்பாவை எழுப்பும். ஆனால் குறட்டை விடும்போது அம்மா பயப்படுவதில்லை. அது திடீரென்று நிற்கும்போதுதான் பயப்படுவா. எழும்பி விளக்கைத் தூக்கி அண்ணனின் நெஞ்சைப் பார்ப்பா. நெஞ்சு ஏறும், இறங்கும், மூச்சு மட்டும் வராது. பிறகு ஒரு திணறலோடு மறுகா தொடங்கும். பகலில் அண்ணன் வகுப்பில் தூங்கி விழுவார். வாத்தியாரிடம் அடி வாங்குவார். தொண்டைக்குள் இருந்த இரண்டு சதைகளுக்கும் அந்த அடிக்கும் தொடர்பு இருந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது.

எந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ரொன்சில் எடுத்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் காலத்தில் உலகத்தின் பல இடங்களில் நடந்ததுதான் அங்கும் நடந்தது. முகத்தில் துணி போர்த்திய கம்பிக் கூடு ஒன்றை வைத்து, அதன் மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இரண்டு அற்றெண்டன்மார் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். முழு மயக்கம் வரும் முன்னரோ வந்த கையோடோ, வளையம் மாதிரியான கருவியைத் தொண்டைக்குள் விட்டு, சதையை வளையத்துக்குள் தள்ளி, கத்தியை இறக்கி நறுக்கிவிட்டார்கள். ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். கில்லட்டின் என்றே அதற்குப் பெயர். பிலடெல்பியாவில் பிலிப் சிங் பிசிக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1828 இல் செய்த கருவியின் வழிவந்தது. ஒன்றரை நூற்றாண்டாகக் கெட்டிக்கார டொக்டரை அடையாளம் கண்டது வேகத்தால்தான். பிள்ளை திமிறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அண்ணனுக்கு நினைவிருப்பது ஈதரின் மணமும், அந்தக் கைகளின் பிடியும், கண் விழித்ததும் வாந்தியெடுத்த இரத்தமும். நோவுக்கு மருந்து என்று எதுவும் கொடுக்கவில்லை. வார்ட்டில் அழுதபோது ஒரு பெரியவர் சொன்னாராம்: "அழுதா ரத்தம் வரும். அழாத." அந்த ஒரு சொல்லை நம்பி ஏழு வயதுப் பிள்ளை இரவு முழுவதும் அழுகையை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. விழுங்குவதுதான் அந்தக் காயத்துக்கு மிகவும் நோகும் வேலை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மட்டக்களப்பிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் போட்ட சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வழியிலேயே பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தைப் பெத்தா உடைத்து உடைத்து அண்ணனின் வாயில் வைத்தா. அவருக்குக் கிடைத்த ஒரே வலி மருந்து அதுதான்.

நாங்கள் கடைக்கோடி ஊர் என்பதால் இப்படி நடந்தது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எழுத்தாளர் ரோல்ட் டாலுக்கு 1924 இல் நோர்வேயில், எட்டு வயதில், மூக்கின் பின்னால் வளர்ந்த அடினொயிட் சதையை மயக்க மருந்தே இல்லாமல் வழித்தெடுத்தார்கள். 1984 இல் வந்த தன் சிறுவயது நினைவு நூலில் அதை எழுதியிருக்கிறார். பணக்காரக் குடும்பம், நல்ல டொக்டர், ஐரோப்பா. எல்லாம் இருந்தும் பிள்ளையின் நோவைக் கணக்கில் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதைப் பயிற்சித் தாதியாக இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். எழுபதுகளின் கடைசி. பச்சைக் குழந்தைகளின் நரம்புகள் முழுதாக முதிரவில்லை, அதனால் பெரியவர்களைப் போல அவர்களுக்கு நோகாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் நோகும், ஆனால் மறந்துவிடும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: நோவுக்கான ஊசி மூச்சை அடக்கும், ஆகவே பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுவதே பாதுகாப்பு. மூன்றும் சேர்ந்தால் ஒரு பிள்ளையை அழவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து மனிதர். இந்தியாவில் மருத்துவம் படித்து ஒக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்தின் அருகே திறந்திருக்கும் ஓர் இரத்தக் குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை அங்கே நடந்தது. தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவும் கொடுப்பார்கள், வேறு ஒன்றும் இல்லை. குழந்தை அசையாது. அசையாததால் நோகவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தியேட்டரிலிருந்து திரும்பிவரும் குழந்தைகள் குலைந்துபோய் வருவதை ஆனந்த் கவனித்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு பகுதியினரின் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் உடலில் அதிர்ச்சியின் ஹோர்மோன்கள் கொட்டிக் கிடந்தன. சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987 இல் லான்செட் சஞ்சிகையில் அது வந்தது. அசைய முடியாத, பேசத் தெரியாத, அழவும் இயலாத ஒரு குழந்தை தன் இரத்தத்தால் சாட்சி சொன்ன ஆய்வு அது. இன்றும் அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகும். அந்த மேசைகளில் கிடந்தவை யாரோ பெற்ற குழந்தைகள்.

ஆகவே என் தலைமுறைத் தாதிமாருக்குப் பிள்ளைக்கு அபின் வகை மருந்து கொடுப்பது இரக்கத்தின் பக்கம் நிற்பது. பெதடினும் மோர்பீனும் இரட்டைப் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருக்கும். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும், உடைந்த குப்பிக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குப் பயந்தே கொடுக்காமல் விட்டவர்கள் உண்டு. "டொக்டர், பிள்ளைக்கு நோகுது" என்று திரும்பத் திரும்பப் போய் நிற்பதுதான் அப்போது எங்கள் கையில் இருந்த ஒரே போராட்டம்.

பிறகு யுத்தம். அந்த ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுத இது இடமல்ல. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரடங்கு இரவுகளில், மயக்க மருந்து நிபுணரும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல் காயக்காரரைக் காப்பாற்றிய மருந்து கெற்றமின். 1962 இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. வியட்நாம் யுத்தத்தில் பேரெடுத்தது. அது அபின் வகை அல்ல. மூச்சைப் பெரிதாக அடக்காமல் நோவைத் துண்டித்துவிடும். அதுவும் தீர்ந்த இடங்கள் இருந்தன. 2009 இல் வன்னியில் மயக்க மருந்தே இல்லாமல் கை கால்கள் அகற்றப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்த மண்ணில் அபின் இல்லாமல் சத்திரசிகிச்சை என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது அதுதான்.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான் சில வருடங்களுக்கு முன் ரொறொன்ரோவிலிருந்து அண்ணனின் மகன் எடுத்த அழைப்பு எங்களை அப்படி உலுக்கியது. அவனுடைய மகளுக்கு நாலு வயது. பாட்டனைப் போலவே குறட்டை, பாட்டனைப் போலவே நடுவில் நின்றுபோகும் மூச்சு. ரொன்சில் எடுக்க நாள் வைத்துவிட்டார்கள்.

"மாமி, மோர்பீன் மாதிரி ஒண்டும் குடுக்க மாட்டாங்களாம். தியேட்டருக்குள்ளயும் இல்லயாம், புறகு வீட்டுக்கும் இல்லயாம். புள்ள எப்பிடித் தாங்கும்?"

அண்ணன் திண்ணையில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவருக்கும் கேட்டது. ஒன்றும் கொடுக்க மாட்டார்களாம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். எழும்பி வந்தார். "கனடாவிலயும் அப்பிடித்தானா?" என்றார். அறுபது வருடத்துக்கு முந்திய அந்தக் கைகளின் பிடியை அவர் முகத்தில் கண்டேன்.

அவருக்கு நான் விளங்கப்படுத்தியதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த முடிவுக்குப் பின்னால் இறந்துபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். ரொன்சில் எடுத்த பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுக்க நெடுங்காலமாகக் கொடெயின் பாணிதான் எழுதிக் கொடுத்தார்கள். அபின் வகையில் மெதுவானது, ஆபத்தில்லாதது என்று பேர். கொடெயினுக்குத் தன்னளவில் வலு குறைவு. ஈரலில் உள்ள ஒரு நொதியம் அதை மோர்பீனாக மாற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதியம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது ஏறக்குறைய இல்லை, அவர்களுக்குக் கொடெயினால் பயனே இல்லை. சிலருக்கு அளவுக்கு மீறிய வேகம், குடித்த கொடெயினில் வழமையைவிடக் கூடிய பங்கு மோர்பீனாகிவிடும். கனடாவின் ஒன்ராறியோவில் ரொன்சிலும் அடினொயிடும் எடுத்து வீட்டுக்குப் போன இரண்டு வயதுப் பையன் ஒருவன், எழுதிக் கொடுத்த அளவிலேயே கொடெயின் குடித்து, மூச்சடங்கி இறந்துபோனான். ரொறொன்ரோ ஆய்வாளர்கள் அதை 2009 இல் வெளியிட்டார்கள். 2012 இல் அதே வகையில் மேலும் மூன்று பிள்ளைகளின் கதை வெளிவந்தது. 2013 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ரொன்சில் எடுத்த பிள்ளைகளுக்குக் கொடெயின் கூடவே கூடாது என்று மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2017 இல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் கொடெயினும் ட்ரமடோலும் கூடாது என்றது.

நொதியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் அண்ணனின் கதையோடு நேரே பொருந்துகிறது. மொன்றியலில் கரென் பிரவுன் என்ற மயக்க மருந்து நிபுணரும் குழுவினரும் இரவில் மூச்சு அடைபடும் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தார்கள். மாதக்கணக்காக இரவு தோறும் ஒட்சிசன் குறைந்து குறைந்து பழகிய பிள்ளைகளுக்கு மோர்பீன் சாதாரண அளவில் பாதி போதுமாக இருந்தது. அதாவது அந்த உடல்களில் மருந்தின் வலு இருமடங்கு. எந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறதோ, எந்தப் பிள்ளைக்காகவே இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறோமோ, அந்தப் பிள்ளைக்குத்தான் அபின் வகை மருந்து ஆகப் பெரிய ஆபத்து. எங்கள் பயிற்சிக் காலத்தில் மூச்சடங்கும் என்று பயந்த ஆசிரியர்களின் பயம் முழுப் பொய்யும் அல்ல என்பதை இத்தனை காலத்துக்குப் பிறகு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அவர்கள் மருந்தை நிறுத்தினார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதுதான் கொடுமை.

பதிலுக்கு வைக்க என்ன இருக்கிறது? 2015 இல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. ரொன்சில் எடுத்து வீட்டுக்குப் போன பிள்ளைகளில் ஒரு பகுதிக்குப் பரசிற்றமோலோடு மோர்பீன், மற்றப் பகுதிக்குப் பரசிற்றமோலோடு ஐபுப்ரொஃபென். சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த முதல் இரவு மூச்சைப் பார்த்தபோது, ஐபுப்ரொஃபென் எடுத்தவர்களில் 68 வீதமானோருக்கு ஒட்சிசன் குறைவது முன்னைவிடத் தணிந்திருந்தது. மோர்பீன் எடுத்தவர்களில் 14 வீதத்துக்கு மட்டும்தான். நோவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் அடங்கியிருந்தது. தொடர்ந்து நடத்துவது பிழை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்குப் போன பின் இப்படி என்றால் தியேட்டருக்குள்? அமெரிக்காவின் சியாற்றில் சிறுவர் மருத்துவமனை, பெல்வியூவில் உள்ள தன் சத்திரசிகிச்சை நிலையத்தில், ரொன்சிலுக்கு வழமையாகக் கொடுத்துவந்த ஃபென்டனிலையும் மோர்பீனையும் படிப்படியாக எடுத்துவிட்டு, டெக்ஸ்மெடிற்றோமிடின், ஐபுப்ரொஃபென் போன்றவற்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பிள்ளைகளின் நோவையும் வாந்தியையும் அளந்து பார்த்தது. 2019 இல் வெளியிட்டார்கள். நோவு கூடவில்லை. இந்த டெக்ஸ்மெடிற்றோமிடின் 1999 இல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காக அனுமதி பெற்ற மருந்து. மூளைத் தண்டில் விழிப்பைக் காக்கும் இடத்தை அமைதிப்படுத்தி, இயல்பான தூக்கத்துக்குக் கிட்டிய ஒரு நிலையைக் கொடுக்கும். மூச்சைப் பெரிதாகத் தொடாது. அதோடு டெக்ஸாமெதசோன் ஒரு ஊசி. அது வீக்கத்தையும் வாந்தியையும் குறைக்கும், நோவையும் தணிக்கும். தியேட்டருக்குப் போகும் முன்னரே பரசிற்றமோல். நோவை ஒரே மருந்தால் அடிக்காமல் அது வரும் பாதைகள் ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன அளவால் மறிப்பது.

எங்கள் பேத்திக்கும் ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள். தாயின் மடியில் இருந்தபடியே தியேட்டர் வாசல் வரை போனது. முகமூடிக்கு ஸ்ட்ரோபெரி மணம். கண் விழித்து, கொஞ்ச நேரம் மலங்க விழித்து, ஐஸ்பழம் கேட்டது. அன்று பின்னேரம் வீடியோவில் வந்தது. வாயெல்லாம் சிவப்புச் சாயம். அண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்,

"நோகல்லயா மனே?" என்றார்.

"கொஞ்சம் நோகுது, அப்பப்பா. அதுக்கு மருந்து இருக்கு" என்றது.

அண்ணன் போனை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். தான் பட்டதை எண்ணி அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அபின் இல்லாத மயக்கம் ஒரு விரதம் அல்ல. டெக்ஸ்மெடிற்றோமிடின் இதயத் துடிப்பை மெதுவாக்கும், சில பிள்ளைகள் விழிக்க நேரம் எடுக்கும். ஐபுப்ரொஃபென் பற்றியும் முழு நிம்மதி இல்லை. 2019 இல் 741 பிள்ளைகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், தியேட்டருக்குத் திரும்பிக் கொண்டுபோகும் அளவுக்கு இரத்தம் கசிந்தவர்கள் பரசிற்றமோல் பகுதியில் 1.2 வீதம், ஐபுப்ரொஃபென் பகுதியில் 2.9 வீதம். அந்த வித்தியாசம் இல்லை என்று அவர்களால் நிறுவ முடியவில்லை. ஆனாலும் அதே ஆண்டு வந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்களின் வழிகாட்டி இரண்டு மருந்தையுமே பரிந்துரைக்கிறது. எல்லாம் கொடுத்தும் ஒரு பிள்ளை நோவால் துடித்தால், கண்காணிப்போடு கொஞ்சம் அபின் வகை மருந்து கொடுப்பதற்கு நல்ல மயக்க மருந்து நிபுணர் தயங்கமாட்டார். தயங்கக் கூடாது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இங்கே ரொறொன்ரோவின் கடதாசியை அப்படியே ஒட்டிவைக்க இயலாது. முதல் காரணம் நுளம்பு. டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு ஒரு பிள்ளைக்கு ஐபுப்ரொஃபென் கொடுத்தால் இரத்தக் கசிவு வரலாம். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும் என்று சுகாதாரப் பகுதியினர் வருடா வருடம் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். ரொன்சில் எடுத்த பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். அது காயத்தாலா, டெங்காலா என்று தாய்க்கு எப்படித் தெரியும்? மழைக் காலத்தில் இந்தச் சத்திரசிகிச்சைக்கு நாள் வைக்கும் டொக்டர், வீட்டுக்கு விடும்போது இதைத் தாயிடம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம் எங்கள் பழக்கம். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு இந்த வருடம் ரொன்சில் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. நான் பார்க்கப் போனபோது பிள்ளை சுவரைப் பார்த்துக் கிடந்தது, தண்ணீர் குடிக்க மறுத்தது, எச்சிலைத் துணியில் ஒற்றியெடுத்தது.

"பனடோல் பாணி எத்தின தரம் குடுத்த நீங்க?" என்றேன்.

"நேத்து ஒருக்காத் தான் மாமி. கூடக் குடுத்தா ஈரல் பழுதாகுமாமே. அழுதா மட்டும் குடுப்பமெண்டு இருக்கன்."

அந்தத் தாயில் குறையில்லை. ஈரலைப் பற்றிய பயம் நியாயமானது. அளவு மீறினால் பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும்தான். ஆனால் பிள்ளையின் நிறைக்குக் கணக்குப் பார்த்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, டொக்டர் சொன்ன நாள்வரைக்கும் கொடுத்தால் கெடுக்காது. அழட்டும் என்று காத்திருந்தால் நோவு ஏறி நின்றுவிடும், பிறகு மருந்து எட்டிப் பிடிக்காது. நோவுள்ள பிள்ளை விழுங்காது, விழுங்காவிட்டால் தொண்டை காயும், உடம்பில் தண்ணீர் வற்றும், நோவு இன்னும் கூடும். ரொன்சில் நோவு இரண்டு நாளில் போகிற நோவும் அல்ல. ஒரு கிழமை, பத்து நாள் இருக்கும். நடுவில், காயத்தின் மேல் படிந்த வெள்ளைப் பொருக்கு உரியும் நாட்களில், மறுகா ஒருமுறை ஏறும். இரவில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று மருந்தைத் தவறவிட்டால், வெள்ளாப்பில் பிள்ளை அலறிக்கொண்டு எழும்பும். மோர்பீன் இல்லாமல் செய்யலாம் என்று அத்தனை ஆய்வுகளும் சொன்னது, மற்ற மருந்துகள் நேரத்துக்கு உள்ளே போகும் என்ற நம்பிக்கையில்தான். அந்தத் தாயின் கையில் உள்ள கரண்டிதான் சியாற்றிலின் திட்டத்தில் பாதி.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 2022 மார்ச் மாதம் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. மயக்கத்தின் முடிவில் தசைகளை மீட்கும் நியோஸ்டிக்மின் முதலிய மருந்துகள் கையிருப்பில் இல்லை. அயல்நாட்டு வெளிவிவகார அமைச்சர் ருவிற்றரில் கவலைப்படும் அளவுக்குப் போனது நிலைமை. மருந்து இல்லாமை இந்த நாட்டில் எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று அன்று எல்லாரும் கண்டோம். அபின் இல்லாத மயக்கம் நல்லது என்ற செய்தி, மோர்பீன் வாங்காமல் இருக்க ஒரு காரணமாக யார் கையிலும் அகப்பட்டுவிடக் கூடாது. 2017 இல் வந்த லான்செட் ஆணைக்குழுவின் கணக்கில், உலகத்தில் ஒரு வருடத்துக்கு விநியோகமான அபின் வகை வலி மருந்துகள் மோர்பீன் அளவில் 298.5 தொன். அதில் வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன். ஒரு பக்கம் ஒக்ஸிகொன்ரின் என்ற அபின் வகை மாத்திரையால் அமெரிக்கக் குடும்பங்கள் சீரழிந்தன. மறுபக்கம் இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளர் மோர்பீன் இல்லாமல் துடித்தார்கள். கேரளத்தில் டொக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2014 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் ஊரிலும் எலும்புக்குள் புற்று இறங்கிய மனிதர் ஒருவர் இரவெல்லாம் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு மோர்பீன்தான் வேண்டும், ஐஸ்பழம் அல்ல. குறட்டை விடும் நாலு வயதுப் பிள்ளைக்கு அதை ஒதுக்குவதும், அந்த மனிதருக்கு அதைத் தங்குதடையின்றிக் கொடுப்பதும் ஒரே அக்கறையிலிருந்து வரவேண்டியவை.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். ரொன்சில் எடுத்த பிள்ளைக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திடீரென்று இரத்தம் வரலாம். எல்லாருக்கும் வராது, வந்தால் காத்திருக்க நேரமில்லை. பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டிருந்தாலே ரோச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். இரத்தம் கண்டால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் வீதியோரம் இருக்கும் எங்களுக்கு அது போதும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளைக்கு அப்படி அல்ல. பகலில் குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையில் வாவியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஓடுகிறது, இரவில் ஓடாது. 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் சுற்றிவரலாம், ஆனால் இருட்டில் உள் ஊர்களிலிருந்து அந்தப் பாலத்துக்கு வந்துசேரவே நேரம் போகும். அதனால் அம்பிலாந்துறைப் பக்கத்திலிருந்து யாராவது ரொன்சில் எடுக்கப் போகிறோம் என்று என்னிடம் வந்தால், முதலில் நான் கேட்பது ஒன்றைத்தான்: இந்தக் கரையில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா? இருந்தால் பத்து நாளும் அங்கேயே தங்குங்கள். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. மருந்து நேரத்தை எழுதி ஒட்ட அதன் கதவில் இடமும் இருக்கிறது.